எழுத்துக்குள் ஒரு முழங்கை

மார்ச் 3, திங்கள்

இன்று கண்ணாடிக் கடையில் பதினோரு பேருக்குக் கண் பார்த்தேன். ஒரு பெரியவர் மூன்றாவது வரிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்று அடம். "தெரியுது, படிக்கப் பிடிக்கலை" என்கிறார். இதற்கெல்லாம் என்னிடம் லென்ஸ் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அப்பா காபி போட்டு வைத்திருந்தார். அவர் தானாகக் காபி போட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையை நான்தான் செய்து தர வேண்டுமாம். அவருடைய கல்யாணப் பத்திரிகையை.

"அச்சகத்துலயே செஞ்சு தருவாங்களேப்பா."

"நீ செஞ்சாதான் அச்சுக்குப் போகும். உனக்கு மனசு இல்லைன்னா சொல்லிடு பாப்பா, கல்யாணமே வேண்டாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பதினேழாம் தேதி அச்சகத்தில் கொடுக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன்.

மனசு இருக்கிறதா? அம்மா போய் ஆறு வருஷம். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்ப்பது இந்த ஒரு வருஷமாகத்தான். ஸ்டூலிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போனார். எலும்பு கூடிய பிறகும் மூன்று தடவை போனார். எக்ஸ்ரே எடுப்பவர்தான் மணப்பெண். நல்ல மனுஷி. பிறகு எனக்கு என்னதான் குறை? — தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

யோசனை வந்துவிட்டது! "வாங்க" என்று அட்டை முழுக்கப் பெரிதாக எழுதி, எழுத்துக்குள்ளே இரண்டு பேருடைய போட்டோவும் தெரிகிற மாதிரி. கணினியில் செய்யலாம் என்று வீடியோவில் ஒரு பையன் பத்து நிமிஷத்தில் காட்டினான். எனக்கு இரண்டரை மணி நேரம். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

வந்துவிட்டது, வந்துவிட்டது, வந்துவிட்டது!

முதலில் நான் எடுத்தது ஒல்லியான எழுத்து. அதற்குள் போட்டோவைப் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. நன்றாகத் தின்று கொழுத்த எழுத்து வேண்டும். இரண்டாவது தப்பு, போட்டோவை எழுத்துக்குக் கீழே வைத்திருந்தேன். அது மேலே இருக்க வேண்டும். பிறகு ஒரு தட்டு. வெளியே நீட்டிக்கொண்டிருந்ததெல்லாம் மறைந்து, எழுத்துக்குள் மட்டும் படம் தங்கிவிட்டது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

ஒவ்வொன்றும் ஒரு லேயர். கண்ணாடித் தாள்களை அடுக்கிய மாதிரி. ஓரத்தில் பொடி எழுத்தில் அவற்றுக்குப் பேர் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ எதுவும் உருப்படியாக இல்லை, அதனால் ஆளுக்கு ஒன்று. ஒரு லேயருக்கு "அப்பா" என்று வைத்தேன். இன்னொன்றுக்கு "அவங்க".

வேறு என்ன வைப்பது? ஆன்ட்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. "இங்க பாருங்க", "சாப்பிட்டீங்களா" — இதிலேயே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் படத்தை இரண்டு பேருக்கும் அனுப்பினேன். அப்பாவிடமிருந்து "நல்லா இருக்கு" என்று மட்டும் பதில். அவர் அப்படிச் சொன்னால் நல்லா இல்லை என்று அர்த்தம். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் திறந்து பார்த்தேன்.

அப்பா முகம் முதல் எழுத்தின் வயிற்றுக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அவங்க முகம் நேராக அடுத்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் இருக்கிற வெள்ளையில் விழுந்து காணாமல் போய்விட்டது. எழுத்துக்குள் தெரிவது எக்ஸ்ரே அறையில் மாட்டிக்கொள்ளும் அந்தக் கனத்த ஏப்ரனும் ஒரு முழங்கையும்தான்.

ஐயோ. வேணும்னு பண்ணலை. சத்தியமா வேணும்னு பண்ணலை. அப்புறம் ஏன் என் கண்ணுல படலை? ஊர்ல இருக்கிறவன் கண்ணையெல்லாம் பார்க்கிறவ, எனக்கு இது தெரியலைன்னா யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்.

சாயங்காலம் மணப்பெண்ணே போனில் கூப்பிட்டார். நாலாவது மணிக்குத்தான் எடுத்தேன்.

"என் முழங்கை இவ்வளவு அழகுன்னு எனக்கே தெரியாது! இத்தனை வருஷமா ஊரார் முழங்கையைத்தானே பார்த்திட்டிருக்கேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

மார்ச் 9, ஞாயிறு

மணப்பெண் வீட்டுக்கு வந்திருந்தார். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திருத்தினோம். போட்டோவைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... அப்படியே ஆடாம இருங்க" என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

திடீரென்று ஓரத்தைக் காட்டி, "பொடிசா ஏதோ எழுதியிருக்கே, என்ன அது?" என்றார்.

"லேயர் பேருங்க. சும்மா."

கண்ணைச் சுருக்கி, தலையைப் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் கொண்டுவந்து — படிக்க முடியவில்லை. அப்பாடா என்றிருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "உங்க அம்மாவுக்கு இதுல இடம் இல்லையா?"

"கல்யாணப் பத்திரிகையில எப்படிங்க..."

"யாருக்கும் தெரிய வேண்டாம்மா. நமக்குத் தெரிஞ்சா போதும். அவங்க இருந்த வீட்டுக்குத்தானே நான் வர்றேன்."

அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்தேன். இந்த ஒரு வருஷமாக எனக்குள் அடைத்துக்கொண்டிருந்தது இதுதான் போலிருக்கிறது. அவரே வந்து எடுத்துவிட்டார்.

மார்ச் 10, திங்கள்

பழைய ஆல்பத்தில் அம்மா மழையில் மஞ்சள் குடையோடு நிற்கிற போட்டோ. குடையை மட்டும் எடுத்து "ங்" மேலே இருக்கிற புள்ளிக்குள் வைத்தேன். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு மஞ்சள் புள்ளி. அப்பா பார்த்தார். எழுந்து போனார். திரும்பி வந்து மறுபடி பார்த்தார். பிறகு காபி போட்டார். இந்த முறை எந்தக் காரியமும் ஆக வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 12, புதன்

மணப்பெண்ணைக் கடைக்கு வரவழைத்துக் கண் பார்த்தேன். படிக்கக் கண்ணாடி வேண்டும், ப்ளஸ் ஒண்ணே முக்கால்.

"எனக்கா? எலும்புல மயிரிழை விரிசல் இருந்தாக்கூடக் கண்டுபிடிக்கிறவ நான்."

"அதைப் பெரிசு பண்ணிப் பார்க்கிறீங்க. மருந்துச் சீட்டை எப்படிப் படிப்பீங்க?"

"உங்க அப்பாவைப் படிக்கச் சொல்லுவேன்."

அப்பாவுக்கு ப்ளஸ் இரண்டு, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதே அவர் பிழைப்பு. நல்ல ஜோடி. சிவப்பு ஃப்ரேமை எடுத்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி நிலைக்கண்ணாடியில் பத்துத் தடவை பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை தருவதாகச் சொன்னேன்.

மார்ச் 15, சனி

சாயங்காலம் வந்தார். சிவப்புக் கண்ணாடியை நானே மாட்டிவிட்டேன். நேராகக் கணினி முன்னால் உட்கார வைத்து ஓரத்தைக் காட்டினேன்.

"எங்க, மேலேயிருந்து படிங்க."

"மஞ்சள் குடை" என்றார். "அப்பா" என்றார். அடுத்ததில் நின்றுவிட்டார்.

"என்ன, தெரியலையா?"

கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சித்தி."

"பவர் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. இன்னொரு தடவை படிக்கட்டுமா?"

மார்ச் 17, திங்கள்

அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. முகம் முழுசாக வந்தாலும் முழங்கையும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்று சித்தி பிடிவாதம். தெரிகிறது.