கத்திரி வெயிலும் அம்மாவின் தோலும்

ஏப்ரல் 9

அம்மாவின் முதுகில் வேர்க்குரு கிளம்பிவிட்டது. தோள்பட்டையில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் செக்கச்செவேலென்று. வாதம் வந்து படுத்ததிலிருந்து இடப்பக்கம் கையும் காலும் அசைவதில்லை. வாய் மட்டும் தப்பித்துவிட்டது.

இன்றுதான் குழாயில் தண்ணீர் வந்தது. அவளுக்கென்று தனியாக எடுத்து வைத்து, பழைய வேட்டித் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

“முதுகு கருத்துப் போச்சாடி?”

“இல்லம்மா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. ஒன் கையில இருந்து எனக்கும் கரி ஒட்டியிருக்கப் போகுது.”

நாற்பத்தொரு வயசாகிறது எனக்கு. இன்னும் இதைக் கேட்டுக்கொண்டுதான் துணியைப் பிழிகிறேன்.

ஏப்ரல் 12

நர்ஸ் ஹாஃபிஸா வந்தாள். சுகாதார நிலையத்திலிருந்து படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க வருகிறவள். பவுடரை அப்பாதீங்கக்கா, வேர்வையோடு சேர்ந்து அடைச்சுக்கும் என்றாள். பச்சைத் தண்ணீரில் துடைக்கணும், தேய்க்கக் கூடாது, ஈரம் போக ஒத்தணும், ஒரே பக்கமாகப் படுக்கவிடக் கூடாது, விட்டால் புண் வந்துவிடும். காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்தால் நல்லது.

அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பாலு மாதிரி இருக்க. இவ எப்புடித்தான் என் வயித்துல பொறந்தாளோ.”

ஹாஃபிஸா பையைத் திறந்து எதையோ தேடினாள். அதில் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை என்று தெரிந்தது. எனக்காக என்றும் தெரிந்தது. அதுதான் அதிகமாக வலித்தது.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. கோயம்புத்தூரிலிருந்து தம்பி மணிமாறனும் அவன் பெண்டாட்டி சத்யபிரியாவும் காரில் வந்தார்கள். வாசலில் கிடந்த செருப்பை எடுத்து வைக்கச் சத்யபிரியா எழுந்தாள். “வெயில்ல போகாதம்மா, தோலு கெட்டுப் போகும்” என்று அம்மா படுக்கையிலிருந்தே தடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “போயி நொங்கு வாங்கிட்டு வா. பிள்ளைக தாகமா இருக்குக” என்றாள்.

உச்சிவெயில். போனேன்.

திரும்பி வந்தபோது தம்பி அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். “என்னக்கா இது, இம்புட்டுச் செவந்து கெடக்கு? செத்த கவனிக்கக் கூடாதா?”

சாயந்திரமே கிளம்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 20

மழை இல்லை. மேகம்கூட இல்லை.

ஏப்ரல் 27

அம்மாவின் வால் எலும்புக்கு மேல் சிவப்பாக ஒரு வட்டம். விரலை வைத்து அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப் புண் வரப்போகிறதென்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஹாஃபிஸா சொல்லியிருந்தாள். பயந்துபோய் நாள் முழுக்கப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தேன். தலையணைகளை முட்டுக் கொடுத்தேன். தைக்க வாங்கிய ஜாக்கெட்டுகள் மிஷின் மேல் அப்படியே கிடக்கின்றன. ரெண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வேர்க்குரு வந்து எத்தனையோ நாளாகிறது. வேர்வை பட்டால் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிகிறது. ஆனால் என் தோலில் சிவப்பு தெரியாதே. யார் பார்த்துச் சொல்லப் போகிறார்கள்?

மே 1

வட்டம் மங்கிவிட்டது. நான் அழுதேன் — சந்தோஷத்தில்தான். அம்மா, “எதுக்குடி மூக்க உறிஞ்சுற, மேல சிந்தாத” என்றாள்.

மே 4

இன்று கத்திரி ஆரம்பம். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. அம்மாவுக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். சும்மா பேச்சுக்குத்தான், “வத்தலக்குண்டுப் பக்கம்னா மலையில இருந்து காத்தாச்சும் வரும்” என்றேன்.

அம்மா சிரித்தாள். “அங்க வாக்கப்படலையேன்னு இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கியா?”

வத்தலக்குண்டு இளஞ்செழியன். எனக்கு இருபத்தைந்து வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தவர். பார்த்துவிட்டுப் போனவர்கள் ஒரு பதிலும் சொல்லவில்லை என்று அம்மா அப்போது சொன்னாள். அதற்குப் பிறகு யார் முன்னாலும் போய் நிற்க மாட்டேன் என்று நான்தான் பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

“அவுக வேணாம்னு சொல்லலடி. அந்தப் பையன் ரெண்டு மூணு தடவ ஆளு விட்டான். நாந்தான் பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன்.”

“ஏம்மா?”

“அம்புட்டுச் செவப்பா இருந்தான். அவன் பக்கத்துல ஒன்னைய மாலையும் கழுத்துமா நிப்பாட்டிட்டு, நான் எப்புடி நாலு பேரு முன்னாடி நிக்கிறது? சிரிக்க மாட்டாக?”

என் கை நின்றுவிட்டது.

“கழுத்துக்குக் கீழ தொடச்சு விடு. கசகசங்குது.”

துடைத்து விட்டேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. துடைத்து விட்டேன்!

மே 5

எதையும் எழுத வரவில்லை. அவருக்கு என்னைப் பிடித்திருந்ததா? நிஜமாகவா? இத்தனை வருஷமா நான் கண்ணாடியப் பாக்குறப்பல்லாம் யாரத் திட்டிக்கிட்டிருந்தேன்?

மே 6

சமையலை முடித்துவிட்டு அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தேன். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நிழலே இல்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். செருப்பு போட்டுவிடவில்லை. தலைக்குத் துண்டு போடவில்லை. மறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

“ஏண்டி, சுடுதுடி.”

உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்தேன். ஊதா ஜாக்கெட், கை வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. அம்மா திட்டினாள். கருவாச்சி என்றாள், கரிக்கட்டை என்றாள், வாழாவெட்டி என்றாள். வாழப் போகவே இல்லையே, அப்புறம் என்ன வாழாவெட்டி? ஒரு கை முடிந்தது. பிறகு “கௌசல்யா, கௌசல்யா” என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அடுத்த கையும் முடிந்தது. கொக்கி வைக்க ஆரம்பித்தேன்.

கடைசியில் மெதுவாக, “தாயி” என்றாள். “ஏ தாயி, என்னைய உள்ள கூட்டிட்டுப் போ தாயி.”

கொக்கியெல்லாம் வைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மே 7

நெற்றியும் கைகளும் இரத்தச் சிவப்பு. கால் பாதத்தின் மேல் கொப்புளம். ஹாஃபிஸா பார்த்ததும் என் பக்கம் திரும்பினாள். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா, “நாந்தாம்மா வெளிய வைக்கச் சொன்னேன். அப்புடியே அசந்துட்டேன். பாவம், இவளுக்குத் தெரியாது” என்றாள்.

ஹாஃபிஸா கொப்புளத்தை உடைக்காமல் மருந்து போட்டாள். போகும்போது வாசலில் நின்று, “அக்கா, ஒங்களால முடியலேன்னா எங்கிட்டச் சொல்லுங்க” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

மே 15

தோல் உரிகிறது. புதுத்தோல் குழந்தைத் தோல் போல இருக்கிறது. களிம்பு தடவும்போது என் கை பக்கத்தில் வந்தாலே அம்மா கண்ணை இறுக்கிக்கொள்கிறாள்.

அன்றிலிருந்து என் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “தாயி, செத்த திருப்பி விடுறியா?” என்று கேட்கிறாள். தண்ணீர் கேட்பதற்குக்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்கிறது. அதோடு, நிம்மதியாகவும் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மே 19

அம்மா இன்று காய்ந்த தொண்டையோடு வெகுநேரம் கிடந்திருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை.

மே 25

தம்பி வந்தான். இந்த வெயிலில் அம்மா இங்கே கஷ்டப்பட வேண்டாம், ஒரு மாசம் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். காரில் சாய்ந்து படுக்கத் தோதாகப் பின் சீட்டில் மெத்தை போட்டே கொண்டு வந்திருந்தான். இத்தனை நாள் வராத ஞானம். சத்யபிரியா போனில், ஏ.சி. அறை தயாராக இருக்கிறது அத்தை என்றாள்.

அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நல்ல கையால் போர்வையை விலக்கவே ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் நான் நிற்பது ஞாபகம் வந்து, போர்வையைத் திரும்பவும் இழுத்துக்கொண்டாள்.

“போகட்டுமா தாயி?”

தம்பி சிரித்தான். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பான்.

நான் போகச் சொல்லியிருக்கலாம். எனக்கும் தூக்கம் கிடைத்திருக்கும், ஜாக்கெட்டெல்லாம் தைத்து முடித்திருக்கலாம்.

“அவ்வளவு தூரம் கார்ல ஆட்டிக்கிட்டுப் போனா முதுகுல புண்ணு வந்துரும்” என்றேன். “இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்.”

“ஏம்மா, நீ என்ன சொல்ற?” என்றான் தம்பி.

அம்மா கூரையைப் பார்த்தாள். “அக்கா சொல்றதுதான் சரி, அப்பு. நீ போயிட்டு வா.”

அவன் முகத்தில் ஒரு ஆசுவாசம். கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, “அம்மா தோலு இப்ப எம்புட்டு நல்லா இருக்கு. ஒன்னைய மாதிரி யாரும் பாத்துக்க முடியாதுக்கா” என்றான்.

கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்தேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம். நான் கட்டில் பக்கத்தில் போவதற்கு முன்பே, கேட்காமலே, அவளால் முடிந்த அளவுக்குத் தானே புரண்டு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தாள்.