துக்க வீட்டுக்கு ஒரு எலுமிச்சைக் கிரீம்

அக்கா,

சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் எலுமிச்சைத் தோல் வாசம் போகவில்லை. இன்று காலை ஈஸ்டர் பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கையை நீட்டியபோதும் அந்த வாசம்தான் முதலில் வந்தது. உங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பிய கையோடு இதை எழுதுகிறேன்.

நீங்கள் போனபின் வரும் முதல் பண்டிகை. துக்க வீட்டு அடுப்பில் இனிப்பு ஏறாது, தெரிந்தவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் மகள் போன வாரமே போனில் சொல்லிவிட்டாள். "எதுவும் எடுத்துனு வராதீங்க ஆன்ட்டி. கேக் கொண்டாந்தவங்கள அப்பா வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு. அம்மா பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடறாரு."

"சரிம்மா" என்று வைத்துவிட்டு, கிரீம் வாங்கப் பாரிவாக்கம் கிளம்பினேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் நீங்கள் இந்த எலுமிச்சைக் கிரீமை முதன்முதலாகச் செய்த பண்டிகை நினைவிருக்கிறதா? பாக்கெட் பாலைக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்தீர்கள். திரிந்து பனீராகிவிட்டது. வெங்காயம் போட்டு வதக்கி பக்கத்து வீட்டில் இருந்த எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தீர்கள். அடுத்த முறை கடையில் டப்பா கிரீம் வாங்கினீர்கள். அது இறுகவே இல்லை. கொழுப்புக் குறைவான கிரீம் இறுகாது என்று நீங்களே கண்டுபிடித்துச் சொன்னபோது உங்கள் வீட்டுக்கார அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உனுக்குத்தான் அது நெறைய கீதே, கொஞ்சம் போடேன்" என்றார். கரண்டியோடு துரத்தினீர்கள். அதன்பிறகுதான் பாரிவாக்கம் பால் டிப்போவில் மிஷினில் பிரித்தெடுக்கும் கெட்டிக் கிரீமைப் பிடித்தோம்.

தவக்காலம் முழுக்க நாம் இருவரும் இனிப்பைத் தொடாமல் ஒறுத்தல் செய்வோம். கிரீம் செய்வதோ ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை. ருசி பார்க்க முடியாது. ஒரு துளி பார்த்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, "நாக்குல வெச்சுட்டா இத்தினி நாள் ஒறுத்தது இன்னாத்துக்கு? கண்ணால பாருடி" என்றீர்கள்.

நேற்றும் கண்ணால்தான் பார்த்தேன். சர்க்கரை கரைந்து கிரீம் கொதித்ததும் கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு கூடாமல் நின்றது. இறக்கி, ஆவி அடங்கியபின் சாற்றை விட்டேன். டம்ளர்களில் ஊற்றி, தோசை மாவு வாசம் ஏறாமல் தட்டால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்று காலை மூடியைத் திறந்து டம்ளரைச் சாய்த்தால் அசையவில்லை.

வெள்ளானூரில் உங்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணன் கேட்டருகிலேயே நின்றிருந்தார். "இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? எடுத்துனு போயிடு."

"நான் இன்னும் ருசி பாக்கலண்ணே. ஒரு வாய் பாத்து சொல்லுங்க. நல்லா இல்லன்னா எடுத்துனு போயிடறேன்" என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். கிளம்புகிற எண்ணம் எனக்கு இல்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். டம்ளரையும் ஸ்பூனையும் வாங்கினார்.

ஒரு வாய். இன்னொரு வாய்.

"புளிப்பு பத்தல" என்றார். "அவ இன்னும் ஒரு பழம் புழிவா."

உள்ளிருந்து வந்த உங்கள் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"கொட்டைய எடுக்கவே மாட்டா. கேட்டா, உனுக்குப் பல்லு கீதுல்ல, துப்புன்னுவா." டம்ளரின் அடியைச் சுரண்டிக்கொண்டே இன்னும் என்னென்னவோ சொன்னார். நீங்கள் சர்க்கரையை ஒளித்து வைக்கும் இடம், கரண்டியோடு துரத்தியது, எல்லாம். கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. கிளம்பும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம ஒழுங்கா பண்ணினு வா" என்றார்.

போவேன் அக்கா. பூசை முடிந்ததும் ஒவ்வொரு ஞாயிறும் போவேன். இந்தக் கோடைப் பழத்தில் சாறு குறைவு, இன்னொரு பழம் சேர்த்தால் உங்கள் பக்குவம் வந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சரியாக இருந்தால் அவர் பேசாமல் சாப்பிட்டுவிடுவார். அதனால் புளிப்பைக் கொஞ்சம் குறைத்தேதான் பிழியப் போகிறேன். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதாகவும் இல்லை.