அலமாரிக்குள் ஓர் அவரைச் செடி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் நீ எழுதினால்தானே தெரியும்?

நீ போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடவுள் மூன்றாம் நாள் செடியைப் படைத்தார், நான்காம் நாள்தான் சூரியனை என்கிறது வேதாகமம். சூரியன் இல்லாமல் பச்சையம் உண்டாகாது என்றாய் நீ. "வேதத்தைப் பொய்னு சொல்றவ இந்தப் படியேற வேண்டாம்" என்றார் அப்பா. போதகராயிற்றே, சொன்னதை எப்படி மாற்றுவார்?

நானே சோதிக்கப்போகிறேன். அப்பாவின் பிரசங்க அங்கி தொங்கும் அலமாரிக்குள் ஒரு தொட்டியில் அவரை விதை நட்டிருக்கிறேன். தோற்றவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். சரியா?

உன் வாலு

ஜூன் 12

வாலுவுக்கு,

வெளுத்துத்தான் முளைக்கும். அப்பாவிடம் காட்டு. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. ஆய்வுக்கூடத்தை விட்டால் அறை. அதில் பகலா இரவா என்பதே தெரியாது. நீ ஒழுங்காகப் படி.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்கா,

முளைத்தபோது மஞ்சளாக, நூல் மாதிரி நீண்டிருந்தது. நீ ஜெயித்தாய் என்று எழுத இருந்தேன். இன்று பார்த்தால் இலை பச்சை! கதவு சாத்தியேதான் இருந்தது. அப்பா சொன்னதுதான் சரியா? நீ தோற்றால் வரவே மாட்டாயே.

வாலு

ஜூன் 27

வாலு,

நடக்காத காரியம். யாரோ வெளிச்சம் காட்டுகிறார்கள். அலமாரியை ஒழுங்குபண்ணுகிறேன் என்று அம்மா எடுத்து வைத்திருப்பாள். கவனி.

அக்கா

ஜூலை 3

அக்கா,

அம்மா இல்லை. அப்பா! விடிந்ததும் தொட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு ஜெபம் பண்ணுகிறார். முடிந்ததும் உள்ளே வைத்துச் சாத்திவிடுகிறார். கையும் களவுமாகப் பிடித்தேன். ஜெயிப்பதற்காகவா இப்படி என்று கேட்டுவிட்டேன்.

"அங்கி எடுக்கப் போனேன். வெளுத்துப்போய் நின்னுச்சு. மனசு கேக்கல" என்றார். பிறகு ஏன் திரும்ப உள்ளே வைத்தீர்கள் என்றேன். நான் ஏதோ நினைத்து வைத்திருப்பதைக் கெடுக்கக் கூடாது என்றுதானாம்!

அப்படியானால் சூரியன் வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும்தானே என்றேன். ஒரே இலையை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "உங்கக்கா இருக்கற ரூம்ல ஜன்னல் இருக்கா? கேட்டு எழுது" என்றார்.

கேட்டுவிட்டேன். உடனே எழுது.

வாலு

ஜூலை 10

வாலு,

ஜன்னல் இல்லை. அப்பாவிடம் அப்படியே சொல்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். வேதத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். பச்சையத்தைப் பற்றி அவரும் திறக்க வேண்டாம். என் ஜன்னலோரக் கட்டிலில் உன் புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பாய். எடுத்துவிடு.

அக்கா