துணைக்கு உட்கார்ந்த புகை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், இங்கத்திய சுகத்தைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லை என்று நழுவக்கூடாது. உன் அப்பா, உன் அக்கா, அவள் வீட்டுக்காரர், என் தம்பி, நான். போனது உன் அப்பாவின் இருமலுக்காக. குழாயில் ஊதச் சொன்னார்கள், பாதி மூச்சுக்கூட வரவில்லை. நாற்பத்தைந்து வருஷத்துச் சிகரெட் மூச்சுக்குழாய்களைக் கெடுத்துவிட்டது, கெட்டது திரும்பாது, சிகரெட்டை விட்டால் மேற்கொண்டு கெடுவது குறையும் என்றார் டாக்டர். நாற்பது தாண்டியவர்களில் பத்துப் பேருக்கு ஒருத்தருக்கு இது இருக்குமாம், பலபேர் வயசான மூச்சு என்று நினைத்தே திரிகிறார்களாம். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார், மாடிப்படி ஏறிய மூச்சு எனக்கு இன்னும் அடங்கவில்லை. நீங்களும் ஊதுங்கம்மா என்றார். சிகரெட்டைக் கையால்கூடத் தொடாதவள் நான் என்றேன். ஊதினேன். எனக்கும் அதே நோய்.

உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டின் அந்த ஒற்றை அறையில் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிக் கோட்டு தைத்தேன். வெள்ளைத் துணியில் தெருத்தூசி படியக்கூடாது என்று ஜன்னலை மூடிவிடுவேன். தனியாகத் தைக்கிறாளே என்று உன் அப்பா மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுத் துணைக்கு உட்காருவார், ஒன்று அணைந்தால் ஒன்று பற்றும். புகை வாடை என்று ஒரு தரம் முப்பது கோட்டு திரும்பி வந்தது, அலசிக் காயப்போட்டுக் கொடுத்தோம். என் நெஞ்சை யார் அலசிப் போட்டார்கள்? வெளியில் போய்ப் பிடியுங்கள் என்று அன்றைக்கே சொன்னேன், செவ்வாய்க்கிழமை. புதன்கிழமையும் அதே ஸ்டூல்தான்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சாயத்து. பாவம்மா, ஒரேயடியா விடச் சொன்னா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார், ஒரு நாளைக்கு ரெண்டுன்னு போகட்டும் என்கிறாள் உன் அக்கா. மாப்பிள்ளை தலையாட்டுகிறார், ஆட்டாமல் என்ன செய்வார், அவர் சட்டைப்பையிலும் ஒரு பாக்கெட் இருக்கிறதே. அக்கா, நீ கத்துற கத்துல மாமா சிகரெட்டை விடுறாரோ இல்லையோ வீட்டை விட்டுடுவார் என்று சிரித்தான் என் தம்பி. தன் கல்யாணத்தை எனக்குக் கடைசியாகச் சொன்னவன் அவன். நீயும் போனில் மன்னிச்சுடுங்கம்மா, அவர் வேணும்னேவா செஞ்சார் என்றாய். வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். நான் சொன்ன பிறகும் செய்தார், அதுவும் தெரியும்.

ஸ்டூலை வெளியே போட்டாயிற்று. தச்சரைக் கூப்பிட்டு ஜன்னல் கதவையே கழற்றச் சொல்லிவிட்டேன், மழை வந்தால் நனையட்டும். புகையோடு வந்தால் வாசற்கதவு திறக்காது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பதினெட்டு நாளாக முறைக்கிறார், முறைக்கட்டும், முறைக்கவாவது மூச்சிருக்கிறதே. உறிஞ்சுகிற மருந்தை வேளை தவறாமல் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், முதலில் அவருக்கு, பிறகு எனக்கு.

இன்னொன்று. குளிர் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அப்பா காரில் சிகரெட் பிடிப்பார் பாட்டி என்று பேத்தி சொன்னாள். அவளை அதட்டாதே, கேட்டது நான். கண்ணாடியை இறக்குகிறேன் என்று சமாதானம் சொல்லாதே, சிகரெட்டை விடு. மூவரும் நெஞ்சு நிறைய மூச்சோடு நூறு வயசு இருங்கள். நான் மறக்காதவர்கள் ஏகப்பட்ட பேர், மன்னிக்காத ஆள் ஒருத்தர்தான். அவர் பக்கத்தில் உன்னையும் உட்கார வைத்துவிடாதே. அந்த ஒருத்தர் உன் அப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா