நூல் கோனின் நிழல்

நேற்று அப்பா என் புத்தகங்களை அடுக்க ஒரு காலி மில் பெட்டி வாங்கி வந்தார். அட்டையில் கூம்பாய் நூல் சுற்றிய ஒரு கோனின் படம். அதன் கீழே நிழல் இல்லை. எதிலும் நிற்காமல் அந்தரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் உன் கோன் இருந்திருக்க வேண்டும். பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறை அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நானும் சேத்தூரிலிருந்து நீயும் பஸ் ஏறி ராஜபாளையத்தில் அந்த டி.டி.பி. சென்டருக்கு வருவோம். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். மவுஸ் உன் கையில், நோட்டு என் கையில். வெறும் வட்டத்துக்குள் ஓரத்தில் கறுப்பும் நடுவில் வெளுப்புமாக நிறத்தை இழுத்து, நீ அதைப் பந்தாக்கினாய். நான் எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

“பந்துக்கும் பரிச்சை எழுதுவா இவ. செத்த நேரம் மவுஸைப் பிடிட்டி!”

“நீ செய்யி, நான் எழுதிட்டு வாரேன்.”

ஒரு மில்லிலிருந்து பெட்டிக்குப் படம் கேட்டிருந்தார்கள். யார் படம் பெட்டியில் ஏறுகிறதோ அவருக்கு இங்கேயே வேலை என்று சென்டர் நடத்திய சார் சொன்னார். நீ அன்றே முடிவு செய்துவிட்டாய். பள்ளி திறந்ததும் உன்னை உன் அக்காவோடு வேலைக்கு மில் வேனில் ஏற்றிவிடுவதாக உன் அப்பா சொல்லியிருந்தார். “பஞ்சுக்குள்ள மூச்சு விட ஏலலன்னு எங்கக்கா தெனம் இருமுதா. எனக்கு இந்த வேல கெடைக்கணும்டி. கெடச்ச பொறவு அப்பாட்ட சொல்லிக்கிடுதேன்.”

அக்கா கொண்டுவந்த கோன் ஒன்றை வீட்டு ஜன்னலில் வைத்து, வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு வருவாய். படத்தைக் கண்ணாடித்தாள் அடுக்குவது மாதிரி லேயர் லேயராக வரைந்தாய்: கோனின் உடம்பு ஒரு லேயரில், சுற்றிய நூலிழைகள் ஒன்றில், மேலே இருக்கும் துளை ஒன்றில், நிழல் ஒன்றில். எட்டு நாள் ஆயிற்று. “நிழலு விழுந்தாத்தான் பொருளு நிக்கும்” என்பாய். நிழலை மட்டும் கடைசிவரை தனியாகவே வைத்திருந்தாய்.

சனிக்கிழமைதோறும் சார் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவார். அன்று உன் அம்மாவுக்குக் காய்ச்சல். “பிளாப்பில போட்டு வச்சிரு” என்று சொல்லிவிட்டு நீ சீக்கிரம் கிளம்பினாய். படம் பிளாப்பியில் அடங்கவில்லை. என் நோட்டில் அதற்கு வழி இல்லை. தேடித் தேடி, எல்லா லேயரையும் ஒன்றாக்கும் கட்டளையைக் கண்டுபிடித்தேன். படம் சுருங்கி அடங்கிவிட்டது. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை மில்காரர் வந்தார். “படம் அருமை. நிழலு மட்டும் எங்க பேரு மேல விழுது. அத இந்தப் பக்கம் திருப்பிருங்க. மத்தியானம் பிரஸ்ஸுக்குப் போகணும்.”

நீ படத்தைத் திறந்தாய். நான்கு லேயர் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. நிழலை இனித் தனியாகப் பிரிக்க வழியில்லை. என்னைப் பார்த்தாய். நான் நோட்டைப் பார்த்தேன்.

“என்னம்மா, எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டியா?” என்றார் சார்.

“ஆமா சார். தெரியாமப் பண்ணிட்டேன்” என்றாய் நீ.

நான் வாய் திறக்கவில்லை. அங்கே வேலை பார்த்த அண்ணன் ஒரு கோனின் போட்டோவை வெட்டி ஒட்டி மத்தியானத்துக்குள் கொடுத்துவிட்டார். படியிறங்கும்போது நான் அழுதேன். “சும்மா இரிட்டி. நீ பண்ணதுன்னு தெரிஞ்சா ஒங்கப்பா ஒன்ன இங்க அனுப்ப மாட்டாரு” என்றாய்.

பள்ளி திறந்தது. நான் பிளஸ் ஒன் போனேன், நீ வேனில் போனாய். ஐப்பசி மழையில் ஒரு காலை அந்த வேன், நின்றிருந்த லாரியில் மோதியது. உன் அக்காவின் கை ஒடிந்தது. நீ வீடு திரும்பவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக உன் அப்பா சென்டருக்கு வந்தபோது, பள்ளி விட்டு வழக்கம்போல் நானும் அங்கே இருந்தேன். மில் அடையாள அட்டையிலிருந்த உன் முகத்தை வெட்டி எடுக்கும் வேலையை சார் என்னிடம் கொடுத்தார். காது ஓரம் வரை வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“சார், அன்னைக்கு கோனை ஒண்ணாக்குனது நான். அவ இல்ல.”

சார் என் பக்கம் திரும்பினார். “இப்பச் சொல்லி என்னம்மா” என்றார்.

பெஞ்சில் இருந்த உன் அப்பா தலைநிமிர்ந்தார். “எந்தக் கோனும்மா?”

நீ அவரிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, பிளாப்பியைப் போட்டுக் காட்டினேன். கிட்ட வந்து பார்த்தார். “இது எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கதுல்லா” என்றார். திரையில் கை வைத்தார். “தொட்டா உருண்டுரும் போல இருக்கே” என்றவர், கையை எடுக்கவே இல்லை.

அந்த பிளாப்பி என் நோட்டுக்குள் இருக்கிறது. நோட்டில் கோன் செய்ய நீ சொன்ன பதின்மூன்று படிகளுக்குக் கீழே, ஒன்றாக்கியது நான் என்று எழுதி வைத்திருக்கிறேன். நிழலை மட்டும் நகர்த்திவிட முடியுமா என்று இன்று மத்தியானமும் சென்டருக்குப் போய் முயன்றேன். சுற்றிலும் கோடு போட்டு இழுத்தேன். நகர்ந்தது. அது இருந்த இடத்தில் அதே அளவுக்கு வெள்ளையாய் ஒரு ஓட்டை விழுந்தது. சேமிக்காமல் மூடிவிட்டு வந்தேன்.