கம்பி ஓரத்து இடம்

நோட்டைத் திறந்ததும் பச்சை ஏலக்காய் வாசம் அடித்தது. கம்பத்தில், நூலகத்தின் பின்னறையில், கதை எழுதப் பழகுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் கூடுகிறோம். நீ போன பிறகு தொடங்கியது, உனக்குத் தெரியாது. நோட்டை நீட்டியவள் செல்வி. நம்மைப் போலவே விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக மலைக்குக் காய் எடுக்கப் போகிறவள். அந்தக் கையின் வாசம் தாளில் ஏறியிருந்தது.

"அக்கா, முடிவு மட்டும் வரமாட்டேங்குது. நீங்க புத்தகத்து முன்னுரையில எழுதியிருக்கீகள்ல, அது மாதிரி நானும் ஒருநா லீவு போட்டு முடிச்சிரவா?" என்றாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

உனக்கு எழுத வராது என்று நீயே சொல்வாய். ஆனால் என் கதைகளை முதலில் வாய்விட்டுப் படித்தவள் நீதான். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். லேசாக வெளிச்சம் வந்ததும் என் நோட்டைப் பிடுங்கிச் சத்தமாக வாசிப்பாய். எனக்கு வெட்கத்தில் உயிர் போகும். வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்பதால் பின்பக்கக் கம்பி ஓரம் எப்போதும் என் இடம். அங்கிருந்தபடி முகத்தை வெளியே திருப்பிக்கொள்வேன். நீயோ வாசித்துக்கொண்டே எல்லார் முகத்தையும் நோட்டம் விடுவாய்.

தோட்டத்தில் இறங்கியதும் தீர்ப்பு வரும். "கல்யாணத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுனல்ல, அங்கன பூராப் பேரும் தூங்கிட்டாக. கிழிச்சிரு. அந்தப் பொம்பள மருமகன வையுறா பாரு, அதக் கேட்டு ஒருத்தி வெத்தல போடவே மறந்துட்டா. அத வச்சுக்க." இதற்குமேல் ஒரு விமர்சனத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. உன் பெயரிலும் நூலக அட்டை எடுத்து, இரண்டுக்கும் எனக்கே புத்தகம் வாங்கித் தந்தாய். பத்திரிகைகளின் முகவரியைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாய். கதைகளைத் திருப்பி அனுப்பியவர்களை என்னைவிட நீதான் அதிகம் திட்டினாய்.

பின்னால் புத்தகமாக வந்த அந்தக் கதையின் முடிவில் மாட்டிப் பத்து நாளாக நான் முழித்துக்கொண்டிருந்தேன். ஒரு விடிகாலையில் வாசலில் வந்து நின்றாய்.

"ஏ புள்ள, இன்னைக்கு நீ வராத. இங்கனயே உக்காந்து முடி. கங்காணிகிட்ட காய்ச்சல்னு சொல்லிக்கிறேன். உன் எடத்துல நான் உக்காந்து காத்து வாங்கிட்டுப் போறேன்."

மேல்வளைவு ஒன்றில் ஜீப் சரிந்தது. மற்றவர்களுக்குக் கை கால் முறிந்தது. கம்பி ஓரத்தில் இருந்தவள் மட்டும் வெளியே விழுந்தாள்.

நீ வாங்கிக் கொடுத்த அந்த நாளில்தான் கதையை எழுதி முடித்தேன் என்று முன்னுரையில் எழுதினேன். படித்தவர்கள் கண்கலங்கினார்கள். அது பொய். நீ போனதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். வேலைக்குப் போகாத சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கினேன். தெருவில் அழுகைச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அன்று நான் ஒரு வரி எழுதவில்லை. கதை முடிந்தது நாலு மாதம் கழித்து. உன் சாவை வைத்து ஒரு பொய்யை அச்சடித்துவிட்டேன்.

இப்போதும் கண்ணை மூடினால் வாசலில் வந்து நிற்கிறாய். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். "எங்க, குடு, வாசிக்கிறேன்" என்று கையை நீட்டுகிறாய்.

அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் முன்னுரையைப் பலமுறை பாராட்டிய வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். செல்வி மட்டும் அசரவில்லை.

"அதெல்லாம் சரிக்கா. நான் லீவு போடவா, வேணாமா?"

கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. நீ கேட்டிருந்தாலும் இப்படித்தான் கேட்டிருப்பாய். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் கதையில் ஒருத்தி தனியாக ஆற்றில் துணி அலசுகிற இடம் ஒன்று இருக்கிறது. நீ அதை வாசித்திருந்தால் ஜீப்பே வாய் மூடியிருக்கும். "போடு" என்றேன். சொன்ன பிறகுதான், "உன் எடத்துல யாரு போவா?" என்று கேட்டேன்.

"சித்தி மக போவா. ஏங்க்கா?"

எந்த ஜீப், அவள் எப்படி இருப்பாள் என்று எல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டேன். செல்வி லீவு போட்ட புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கே மலையடிவாரத்து ரோட்டில் போய் நின்றேன். ஜீப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஐந்தாவதில் அந்தப் பெண் வந்தாள், கம்பி ஓரத்தில்தான். தூக்குச்சட்டியோடு இறங்கி, டிரைவரிடம் எதையோ வம்பளந்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அவள் வீட்டுக்குள் நுழையும்வரை பின்னாலேயே போனேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

இனி எனக்கு இப்படித்தான். எழுது என்று ஒருத்தியை வீட்டில் உட்கார வைத்தால், அவள் இடத்தில் போனவள் திரும்பி வரும்வரை நான் ரோட்டில் நிற்பேன். அன்று செல்வி எழுதினாளா, தூங்கினாளா என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.