பதினொரு விநாடிச் சிரிப்பு

லாப்போர்த் வீதி, புதுச்சேரி
11-6-2006

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீங்கள் விட்டுப்போன கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது! வைரஸ் தின்ற விண்டோஸை அழித்துவிட்டு, பள்ளியில் சந்திரகலா மிஸ் கொடுத்த உபுண்டு சிடியைப் போட்டேன். இலவசம். யாருக்கு வேண்டுமானாலும் படியெடுத்துக் கொடுக்கலாமாம். எழுதவும், படத்தைத் திருத்தவும், ஒலியை வெட்டி ஒட்டவும் அதிலேயே எல்லாம் இருக்கிறது. உங்கள் கல்யாணப் படத்தில் இருந்த பூஞ்சைப் புள்ளிகளை 'கிம்ப்'பில் ஒவ்வொன்றாக நீக்கி அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் விசா மனுவையும் நானே பிரெஞ்சில் அடித்தேன். உங்கள் கையெழுத்துதான் பாக்கி. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது அப்பா.

"ஒங்கப்பா கையெழுத்து போடறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்னு எழுதுடி" என்கிறாள் அம்மா.

உங்கள் மகள்,
மனோன்


தூலூஸ், பிரான்ஸ்
28-6-2006

செல்ல மனோன்,

படம் கிடைத்தது. கெட்டிக்காரி! மனுவைப் பார்க்கிறேன், அவசரப்படாதே. எனக்கு ஓர் ஆசை. போனில் அம்மா 'சாப்பிட்டீங்களா'வைத் தாண்டிப் பேசுவதில்லை. வீட்டில் அவள் பேசுகிற மாதிரி பதிவு செய்து அனுப்புகிறாயா? பிரான்சுக்கு வருவதைப் பற்றிப் பேச்சுக்கொடு. தெரிந்தால் வெட்கப்படுவாள், சொல்லாதே.

அப்பா


புதுச்சேரி
16-7-2006

அன்புள்ள அப்பாவுக்கு,

மைக்கை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அம்மா மீன் ஆயும்போது கேட்டேன்: "ஏம்மா, அப்பா கூப்ட்டா போவியா?"

"நானா? அந்த ஐஸ்பெட்டிக்குள்ள போயி அந்தாளுகூட யாரு குடும்பம் நடத்துவா? செத்தாலும் வரமாட்டேன்னு எழுதிடு."

பிறகு பதினொரு விநாடி சிரிப்பு! திரையில் அதன் ஒலிக்கோடுகள் சவுக்குத்தோப்பு மாதிரி நெருக்கமாக எழும்பி நிற்கின்றன. சிரித்து ஓய்ந்ததும், "ரெண்டு ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்கேன், அத சொல்லிடாத" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது. சிடி இத்துடன்.

மனோன்


தூலூஸ்
2-8-2006

செல்ல மனோன்,

பலமுறை கேட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு என் ஸ்பீக்கரில் கரகரக்கிறது, அதை எடுத்துவிடு. உன் கேள்வியும் வேண்டாம். ஸ்வெட்டரைச் சொல்லாதே என்றாளே, அது அவள் ரகசியம், அதையும் எடு. பழைய பதிவு இடத்தை அடைக்கும், அழித்துவிடு. ஒட்டுத் தெரியாமல் செய்ய உன்னால் முடியும்.

அப்பா


புதுச்சேரி
20-8-2006

அன்புள்ள அப்பாவுக்கு,

செய்துவிட்டேன். மிஸ்ஸுக்கே ஒட்டுத் தெரியவில்லை. பழையதை அழிக்கும் முன் சிரிப்பை மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டேன். மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

மனோன்


புதுச்சேரி
5-11-2006

அப்பா,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. நேற்று உங்கள் வக்கீலின் கடிதம் வந்தது. அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாதே! "விசாவா? படிடி, படிடி" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான்தான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கணவர் லூயியுடன் வாழ மனைவி எலிஸபெத் மறுக்கிறார், அதனால் விவாகரத்து. ஆதாரம், அவள் குரல் பதிவான ஒரு சிடி.

"நான் எப்படி இத சொன்னேன்? எப்ப சொன்னேன்?" என்றாள் அம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை.

"சிரிச்சனேடி. அது எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கேட்டதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

மனோன்


தூலூஸ்
24-11-2006

மனோன்,

இது பெரியவர்கள் விஷயம். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தாய். நீ பிரெஞ்சுக் குடிமகள், உனக்கு விசா தேவையில்லை. பள்ளி முடிந்ததும் வந்துவிடு. உனக்குத் தனி அறை, புதுக் கம்ப்யூட்டர். இங்கே என்னுடன் இருக்கும் அனைஸும் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். உன் சாமர்த்தியத்தை அவளிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா எதுவானாலும் வக்கீலுக்கு எழுதட்டும்.

அப்பா


புதுச்சேரி
17-12-2006

திரு. லூயி அவர்களுக்கு,

அழித்ததை மீட்க மிஸ்ஸும் நானும் நான்கு நாள் முயன்றோம். கிடைக்கவில்லை. புதிதாக ஒரு சிரிப்பாவது பதிவு செய்து வக்கீலுக்கு அனுப்பலாம் என்று, மைக்கை அதே அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு வாரம் பொறுத்திருந்தேன்.

கிடைத்ததைச் சிடியில் போட்டிருக்கிறேன். நாற்பது நிமிடம். குழாய்த் தண்ணீர், பாத்திரம், அம்மாவின் இருமல். ஒன்றையும் நான் வெட்டவில்லை.

கடைசியில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அது என் குரல்: "செத்தாலும் வரமாட்டேன்."

அதற்குப் பிறகு சிரிப்பு எதுவும் இல்லை. உங்களுக்கு வெட்டுகிற வேலை இருக்காது.

எலிஸபெத்தின் மகள்,
மனோன்